வண்டி நின்ற பிறகு

ஒவ்வொரு மே மாதமும் பள்ளி வண்டிகளை ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதனை போடுகிறார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், போலீஸ், வருவாய்த்துறை, கல்வித்துறை என்று எல்லாரும் வந்து நிற்பார்கள். தரைப் பலகையை மிதித்துப் பார்ப்பார்கள். அவசர வழிக் கதவைத் திறந்து மூடுவார்கள். தீயணைப்பானில் எழுதியிருக்கும் தேதியையும் முதலுதவிப் பெட்டிக்குள் இருக்கும் மருந்தையும் பார்ப்பார்கள். மறுநாள் பேப்பரில் இத்தனை வண்டி தேறியது, இத்தனை வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள் என்று செய்தி வரும். அந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தச் செய்தியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. சோதிப்பது பிள்ளைகள் ஏறாத வண்டியை, அதுவும் நின்றுகொண்டிருக்கும் வண்டியை. பிள்ளை ஏறும் இடத்தையும், இறங்கும் இடத்தையும், இறங்கிய பிறகு ரோட்டைத் தாண்டுகிற அந்தப் பத்தடியையும் யார் சோதிக்கிறார்கள்?

நம்ம திருநெல்வேலிப் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. படிப்பு என்றால் பாளையங்கோட்டை என்று பல தலைமுறையாகப் பழகிவிட்டோம். சேரன்மகாதேவி, முக்கூடல், மானூர், கங்கைகொண்டான், நாங்குநேரி என்று நாலு திசையிலிருந்தும் 20, 30 கிலோமீட்டர் தாண்டிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஊர்ச் சந்துகளைச் சுற்றி வரும் வண்டிக்கு அந்தத் தூரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். காலையில் 6:45-க்கு வாசலில் நிற்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, சாயங்காலம் இருட்டப்போகும் நேரத்தில்தான் திரும்ப இறங்குகிறது. பெற்றவர்களின் பயமெல்லாம் நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தின் மேல்தான். வண்டி எங்கே போகிறது என்று செல்போனில் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அந்தப் புள்ளி நம் ஸ்டாப்பில் வந்து நின்றதும் "வந்துட்டான்" என்று நிம்மதி வந்துவிடுகிறது. கவனம் கூட வேண்டிய நேரமே அப்போதுதான் தொடங்குகிறது.

நாலு விபத்துகள்

தமிழ்நாடு மறக்க முடியாத நாலு பள்ளி வண்டி விபத்துகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2009 டிசம்பரில் வேதாரண்யம் பக்கம் வேன் குளத்துக்குள் கவிழ்ந்து 9 குழந்தைகளும், அவர்களைக் கரையேற்றப் போராடிய இளம் ஆசிரியை ஒருவரும் இறந்தார்கள். ஓட்டுநர் செல்போனில் பேசியபடி ஓட்டினார் என்று அப்போது செய்தி வந்தது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஓடும் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கம் பக்கம், பள்ளி வளாகத்துக்குள்ளேயே, இறங்கிய பிறகு மறந்துபோன பொருளை எடுக்கத் திரும்பி வந்த இரண்டாம் வகுப்புச் சிறுவன் மேல் அவன் வந்த வேனே ஏறியது. 2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்த வேன் மேல் ரயில் மோதி 3 மாணவர்கள் இறந்தார்கள்.

இந்த நாலில் வண்டியின் கோளாறு என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று, அந்தத் தரை ஓட்டை. அதற்குப் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்கென்றே 2012-ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகள் வந்தன. மஞ்சள் நிறம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, உதவியாளர் எல்லாம் அந்த விதிகளில் இருக்கின்றன. அதன் பலனை நாம் இன்றைக்கும் அனுபவிக்கிறோம். மற்ற மூன்றிலும் மே மாதச் சோதனையில் குறையே இல்லாமல் தேறுகிற வண்டிகூட அதே இடத்தில் அதே மாதிரி மாட்டியிருக்கும். 2022 சம்பவத்துக்குப் பிறகு அரசு விதிகளைத் திருத்தி, முன்னும் பின்னும் கேமராவும் எச்சரிக்கை சென்சாரும் கட்டாயம் என்றது. நல்ல காரியம். ஆனால் கேமரா காட்டுவதைப் பார்க்க ஓட்டுநருக்கு மூன்று விநாடி வேண்டுமே. அந்த மூன்று விநாடி அவருக்கு இல்லை என்பதுதான் என் வாதம். அதற்குக் காரணம் அவருடைய குணம் இல்லை, அவர் கையில் கொடுத்திருக்கும் நேர அட்டவணை.

இடப்பக்கக் கதவும் எதிர்ப்பக்கத்து அம்மாவும்

நம் ரோட்டில் வண்டி இடப்பக்கம் போகும், கதவும் இடப்பக்கம்தான் இருக்கும். காலையில் வீட்டு வாசல் பக்கமே வண்டி வந்து பிள்ளை ஏறிவிட்டால், சாயங்காலம் அதே வண்டி எதிர்த்திசையில் வரும், கதவு ரோட்டின் மறுபக்கம் திறக்கும். ஒரு நாளைக்கு ஒரு முறையாவது பிள்ளை ரோட்டைக் கடந்துதான் ஆகவேண்டும். வண்டி ஊருக்குள் நுழைந்து சுற்றி வந்தால்தான் இதிலிருந்து தப்ப முடியும். ஊர் ரோட்டிலேயே இது தொந்தரவு. கன்னியாகுமரி நாற்கரச் சாலையில் தாழையூத்து, ரெட்டியார்பட்டி, பொன்னாக்குடி, மூன்றடைப்பு மாதிரி இடங்களில் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டால் நாலு தடத்தையும் நடுத்திட்டையும் தாண்ட வேண்டும். அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால் பின்னால் வருகிற வண்டிகள் நின்றே ஆகவேண்டும், சட்டம் அப்படி. நம்ம ரோட்டில் வண்டி நின்றால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்து வலப்பக்கமாகத் தாண்டிப் போவார். பிள்ளை தலையை நீட்டும் பக்கமும் அதுதான்.

இங்கே நாம் செய்கிற ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். கூப்பிட வரும் அம்மாவோ ஆச்சியோ வீட்டுப் பக்கம், அதாவது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். ஒரு மணி நேரம் வண்டிக்குள் அடைந்து கிடந்து, பசித்து, தூங்கி எழுந்த பிள்ளை இறங்கியதும் அம்மாவைப் பார்க்கிறது. பார்த்த கண் ரோட்டைப் பார்க்காது. நேரே ஓடும். அம்மா கையை ஆட்டி "வா" என்று கூப்பிட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். பிள்ளைக்கு ஆயிரம் தடவை புத்தி சொல்வதைவிட ஒரு பெரியவர் பத்தடி இடம் மாறி நிற்பது பெரிய பாதுகாப்பு. கூப்பிட வருகிறவர் வண்டிக் கதவு திறக்கும் பக்கத்தில்தான் நிற்க வேண்டும், வண்டி வருவதற்கு முன்னாலேயே அங்கே வந்துவிட வேண்டும். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வண்டி முழுசாகக் கிளம்பிப் போய் இரண்டு பக்கமும் ரோடு தெரிகிற வரைக்கும் காத்திருந்து, அதன் பிறகு கடக்க வேண்டும். விரலைப் பிடித்தால் பிள்ளை உருவிக்கொண்டு ஓடிவிடும், மணிக்கட்டு அப்படி நழுவாது. வண்டிக்கு முன்னால் குறுக்கே போகவே கூடாது. பின்னாலும் கூடாது. இந்தப் பக்கம் ஆள் இல்லையென்றால் பிள்ளையை இறக்காமல் வண்டியிலேயே வைத்துக்கொண்டு, சுற்று முடிந்து திரும்பும்போது ஒப்படைக்க வேண்டும் என்று பள்ளியில் எழுதியே வாங்கி வையுங்கள். "எக்கா, கதவுப் பக்கம் வந்து நில்லுங்க, அப்பதான் பிள்ளைய இறக்குவேன்" என்று சொல்லும் ஓட்டுநர்மேல் கோபப்படக் கூடாது. அவரை அந்தப் பள்ளி விட்டுவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டிக்கு முன்னால் ஏன் கூடாது என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடலாம். பள்ளி மைதானத்தில் வண்டியை நிறுத்தி, ஓட்டுநரை அவர் இருக்கையிலேயே உட்கார வையுங்கள். மூன்றரை அடி உயரத்தில் ஒரு கம்பை வெட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டி, முன் பம்பரை ஒட்டி நிறுத்துங்கள். துணி தெரியாது. கம்பை அரையடி அரையடியாக முன்னால் நகர்த்திக்கொண்டே போய், ஓட்டுநர் "தெரியுது" என்று சொல்லும் இடத்தில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். பிறகு வலப்பக்கம், இடப்பக்கம், பின்பக்கம். நாலு பக்கக் கோட்டையும் சேர்த்தால் வண்டியைச் சுற்றி ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்துக்குள் நிற்கும் பிள்ளை ஓட்டுநருக்கு இல்லாத பிள்ளைதான். மூக்கு நீண்ட வண்டிக்கும் தட்டை முகப்பு வண்டிக்கும் கோடு வேறு வேறு இடத்தில் விழும். ஆகவே ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். பிள்ளைகளை அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்க வைத்து, "ஓட்டுற மாமா முகம் உனக்குத் தெரியுதா? தெரிஞ்சாத்தான் அவருக்கும் உன்னத் தெரியும்" என்று ஒரு தடவை காட்டிவிட்டால் போதும். எல்.கே.ஜி. பிள்ளைக்கும் விளங்கும். கீழே விழுந்த பென்சிலோ தண்ணீர் பாட்டிலோ வண்டிக்கு அடியில் உருண்டால் குனிந்து எடுக்கக் கூடாது, உதவியாளரிடம்தான் சொல்ல வேண்டும் என்பதையும் அதே இடத்தில் சொல்லிக்கொடுங்கள்.

இரண்டாவது டிரிப்

இனி அந்த நேர அட்டவணைக்கு வருகிறேன். ஒரு ரூட்டில் 18 ஸ்டாப் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிற்கிறது, கதவு திறக்கிறது, பிள்ளை ஏறுகிறது, கிளம்புகிறது. வேகவேகமாக முடித்தால் 40 விநாடி, 18 ஸ்டாப்புக்கு 12 நிமிடம். சரியாகச் செய்தால் என்ன ஆகும்? உதவியாளர் முதலில் கீழே இறங்க வேண்டும், பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வேண்டும், பிள்ளையைக் கைகொடுத்து ஏற்ற வேண்டும், அது உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுப் பெயரைக் குறிக்க வேண்டும், பிறகு பெல். எப்படிப் போனாலும் 90 விநாடி ஆகிவிடும். 18 ஸ்டாப்புக்கு 27 நிமிடம். வித்தியாசம் 15 நிமிடம். அதே வண்டிக்கு இரண்டாவது டிரிப்பும் இருந்தால் அந்த 15 நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது? பிள்ளை படியில் நிற்கும்போதே வண்டியை உருட்டுவதிலும், 40-இல் போக வேண்டிய இடத்தில் 60-இல் போவதிலும்தான் எடுக்க முடியும்.

40-இல் போகும் வண்டியின் முன்னால் ஒன்று குறுக்கே வந்தால், ஓட்டுநர் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை விநாடி, அதற்குள் வண்டி 17 மீட்டர் ஓடியிருக்கும். காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 10 மீட்டர். மொத்தம் 27. 60-இல் போனால் இதே கணக்கு 48 மீட்டருக்கு வருகிறது. மழை ரோட்டில் இன்னும் கூடும். கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப்போய் 20 மீட்டரை இழக்கிறோம்.

பள்ளி வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று உண்டு, அதன் நேர அட்டவணைக்கு எஃப்.சி. கிடையாது. பெற்றோர் கூட்டத்தில் வண்டியில் ஏ.சி. உண்டா, ஜி.பி.எஸ். உண்டா என்று கேட்கிறோம். இந்த வண்டி காலையில் எத்தனை டிரிப் அடிக்கிறது, முதல் டிரிப்புக்கும் இரண்டாவது டிரிப்புக்கும் நடுவில் எத்தனை நிமிடம், ரூட்டில் எத்தனை ஸ்டாப் என்ற மூன்றையும்தான் முதலில் கேட்க வேண்டும். மூன்றையும் ஒரு தாளில் எழுதி வகுத்துப் பார்த்தாலே ஒரு ஸ்டாப்புக்கு எத்தனை விநாடி கிடைக்கிறது என்று தெரிந்துவிடும். இதைச் சரிசெய்யப் பள்ளி இன்னொரு வண்டி வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. பெற்றோர் கொஞ்சம் இறங்கி வந்தாலே பாதி சரியாகும். வீட்டு வாசலுக்கு வாசல் நிற்கும் 18 ஸ்டாப்பை, கோயில் முன்னாலோ ரேஷன் கடை முன்னாலோ பத்து ஸ்டாப்பாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பெற்றோரில் ஒருத்தர் முறை வைத்து நிற்கட்டும். பத்து ஸ்டாப்புக்கு 90 விநாடி என்றால் 15 நிமிடம்தான். வாசலில் ஏற்றினால்தான் பத்திரம் என்று நினைக்கிறோம். பெரியவர் ஒருவர் நிற்கும் பொது ஸ்டாப் அதைவிடப் பத்திரம்.

தூக்கமும் தண்ணீரும்

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு இரவில் குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். 5:30-க்கு எழுப்ப வேண்டிய பிள்ளை 8:30-க்குப் படுத்திருக்க வேண்டும். அது பெரும்பாலான வீட்டில் நடப்பதில்லை. மிச்சத் தூக்கத்தைப் பிள்ளை வண்டியில்தான் தூங்கும். தூங்கட்டும், தப்பில்லை. ஆனால் பின் சீட்டில் சுருண்டு படுத்த பிள்ளையை யாரும் கவனிக்காமல் வண்டியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டால், நம்ம ஊர் வெயிலில் அது உயிருக்கு ஆபத்து. மூடிய வண்டிக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே சூடு 10 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் வேகமாகச் சூடாகும். பிள்ளைகள் இறங்கியதும் உதவியாளர் கடைசி சீட் வரை நடந்து போய், ஒவ்வொரு சீட்டையும் கையால் தொட்டு, குனிந்து அடியிலும் பார்த்துவிட்டு வர வேண்டும். ஏறிய எண்ணிக்கையும் இறங்கிய எண்ணிக்கையும் ஒரே நோட்டில் எழுதி ஓட்டுநர் கையெழுத்து போட வேண்டும். வண்டி நோட்டில் ஏறியதாக இருந்து வகுப்பு வருகைப் பதிவில் இல்லாத பிள்ளையைப் பற்றி முதல் பாடவேளை முடிவதற்குள் வீட்டுக்குப் போன் வந்துவிட வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு நோட்டும் பொறுப்புள்ள ஓர் ஆளும் போதும்.

தண்ணீர் விஷயம் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். வழியில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு வரும் பிள்ளைகள் உண்டு. கிளம்பும் முன் ஒரு தடவை, பள்ளியில் இறங்கியதும் ஒரு தடவை, சாயங்காலம் ஏறும் முன் ஒரு தடவை கழிப்பறை போகப் பள்ளியே நேரம் ஒதுக்க வேண்டும். சாயங்காலம் மணி அடித்தவுடன் வண்டிக்கு ஓடச் சொல்லாமல் பத்து நிமிடம் விட்டாலே போதும். வாந்தி எடுக்கும் பிள்ளையை முன்பக்கம், ஜன்னலோரம் உட்கார வைத்துத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகமும் செல்போனும் கையில் வேண்டாம். காலையில் இரண்டு இட்லி கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.

கேட்டும் குளக்கரையும்

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் காத்துக்கிடக்காத பாளைவாசி இருக்க முடியாது. தென்காசி, திருச்செந்தூர் ரயில் பாதைகளின் ஓரமாக வரும் ரூட்டுகளுக்கும் வழியில் கேட் உண்டு. ஆளில்லாத கேட்டில் வண்டியை நிறுத்தி, நடத்துநரோ உதவியாளரோ இறங்கிப் போய் ரயில் வரவில்லை என்று பார்த்துச் சொன்ன பிறகே கடக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு. செம்மங்குப்பத்தில் இருந்தது ஆளுள்ள கேட். ஆனால் சிக்னலோடு இணைக்கப்படாத கேட், அதாவது கேட் திறந்திருந்தாலும் ரயிலுக்கு சிக்னல் விழும். ஆகவே கேட் திறந்திருக்கிறது என்பதை மட்டும் நம்பக் கூடாது. பள்ளி வண்டி எந்தக் கேட்டிலும் ஒரு நிமிடம் நின்று, பாட்டை அணைத்து, ஜன்னலை இறக்கி, உதவியாளர் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துக் கைகாட்டிய பிறகு கடக்க வேண்டும் என்று பள்ளியே உத்தரவாகப் போடலாம். அந்த ஒரு நிமிடமும் நேர அட்டவணையில் இருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் குளக்கரை ரோடுகள் இன்னொரு கவலை. தடுப்புச் சுவர் இல்லாத கரையில் எதிர் வண்டிக்கு ஒதுங்கும்போது ஓரத்து மண் இடிந்தால் வண்டி நேரே தண்ணீருக்குள்தான் போகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எந்த ரோடு எங்கே அறுத்துக்கொண்டு போனது என்று அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மழைக்காலத்துக்கென்று ஒரு மாற்று ரூட்டை செப்டம்பரிலேயே ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ரோட்டில் தண்ணீர் ஓடி, தார் விளிம்பு தெரியவில்லை என்றால் வண்டியைத் திருப்பிவிட ஓட்டுநருக்கு முழு அதிகாரம் இருக்க வேண்டும். அதற்காக அவர் மறுநாள் யாரிடமும் பேச்சு வாங்கக் கூடாது. அவசர வழிக் கதவை மாதம் ஒரு தடவையாவது பிள்ளைகளை வைத்தே திறந்து இறங்கிப் பழக்க வேண்டும். ஆண்டு முழுக்கத் திறக்காத கதவின் கைப்பிடி துருப்பிடித்து, அவசரத்துக்கு அசையாமல் நின்றுவிடும்.

ஆட்டோ, ஆம்னி வேன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்பர் பலகை வெள்ளையில் கறுப்பு எழுத்தாக இருந்தால் அது சொந்த உபயோக வண்டி, வாடகைக்குப் பிள்ளை ஏற்றும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கைவிரிப்பார். மஞ்சள் பலகை பாருங்கள். ஆட்டோவில் ஐந்து பிள்ளைக்கு மேல் ஏற்றினாலோ ஓட்டுநர் பக்கத்தில் ஒன்று உட்கார்ந்தாலோ அந்த ஆட்டோ வேண்டாம். பைக்கில் 4 வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஹெல்மெட்டோடு பெரியவர் உடம்போடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும், 40-க்கு மேல் ஓட்டக் கூடாது. பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துக் கூட்டிப்போவது வேண்டவே வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் அப்பாவுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவில் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

இலவச பஸ் பாஸில் வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வண்டி விதிகள் எதுவும் துணைக்கு வராது. அவர்கள் படிக்கட்டில் தொங்குவது விளையாட்டுத்தனத்தால் மட்டும் இல்லை. அந்த பஸ்ஸை விட்டால் முதல் மணிக்குள் போய்ச் சேரக்கூடிய பஸ் வேறு கிடையாது. கூட்டம் மிகுந்த அந்த ஒரு டவுன் பஸ்ஸுக்கு 15 நிமிடம் முன்னால் இன்னொன்று விட்டால் படிக்கட்டு காலியாகும். இதற்கு மனு கொடுக்க வேண்டும். திங்கள்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் "பிள்ளைகள் சிரமப்படுகிறார்கள்" என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் அது கோப்புக்குள் போய்விடும். பஸ்ஸின் தட எண், ஸ்டாப்பின் பெயர், அது வரும் நேரம், அதில் ஏறும் மாணவர் எண்ணிக்கை, எத்தனை மணிக்குக் கூடுதல் பஸ் வேண்டும் என்ற ஐந்தையும் எழுதுங்கள். மூன்று நாள் காலையில் எடுத்த படத்தை இணையுங்கள், தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். நாற்கரச் சாலையில் பஸ் நிற்கும் இடத்தை சர்வீஸ் ரோட்டுக்கு மாற்றக் கேட்பதாக இருந்தால் அதற்குத் தனி மனு. அதன் நகலைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மட்டும் திரும்பி வராதீர்கள்.